வெயிலிடம் எதைக் கேட்கலாம்?

தூத்துக்குடி வட்டாரத்தில் பங்குனி, சித்திரை மாதங்களில் பகல் இரண்டு மணிக்கு மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் கையை நீட்ட முடிவதில்லை. ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்து ஆறவைத்த பிறகே உபயோகிக்கிறோம். அதே வீட்டில் அன்று காலை உலை வைக்கவும், மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும், பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டவும் விறகோ காஸோ எரிந்திருக்கும். மத்தியானம் வேண்டாம் என்று ஒதுக்கும் உஷ்ணத்தைக் காலையிலும் மாலையிலும் காசு கொடுத்து வாங்குகிறோம். வெயிலின் உஷ்ணத்தை வீட்டு வேலைக்குத் திருப்ப முடியுமா, முடிந்தால் எந்த வேலைக்கு அது லாபம், எந்த வேலைக்கு வீண் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மழை மூட்டம் இல்லாத நாளில் நமது கரையோரத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழும் சூரிய சக்தி, மின்சாரக் கணக்கில் சொன்னால், சுமார் 5 முதல் 6 யூனிட். ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோ கலோரி போதும். ஆகவே ஒரு கட்டில் அளவு இடத்தில், அதாவது ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டரில், விழும் வெயிலில் பாதியைப் பிடித்தாலும் 100 லிட்டர் தண்ணீரை 40 டிகிரிக்கு மேல் உயர்த்திவிடலாம். காலையில் 28 டிகிரியில் இருந்த நீர் மாலையில் 70ஐ ஒட்டி நிற்கும். கடையில் விற்கும் 100 லிட்டர் சூரிய வெந்நீர் சாதனத்துக்கு இரண்டு சதுர மீட்டர் தகடு வைப்பதும் இந்தக் கணக்கில்தான்.

இதை நமக்கு முன்பே அனுபவத்தில் அறிந்தவர்கள் உப்பளக்காரர்கள். வேப்பலோடையிலிருந்து முள்ளக்காடு, ஆறுமுகநேரி வரை பாத்தி பாத்தியாகத் தெரிவது எல்லாம் விறகில்லாத அடுப்புகளே. மூன்று போமே டிகிரி அளவில் இருக்கும் கடல் நீர் வற்றி 25 டிகிரியை எட்டும்போது உப்பு பூக்கத் தொடங்குகிறது. 29, 30ஐ நெருங்கும்போது கசப்பு நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். ஒரு டன் உப்பு எடுக்க ஏறத்தாழ 40 டன் கடல் நீர் வற்ற வேண்டும். இதை அடுப்பில் வைத்து வற்றவிடுவதானால், உஷ்ணம் சிறிதும் வீணாகாத அடுப்பு என்றே வைத்துக்கொண்டாலும், ஐந்தாறு டன் காய்ந்த விறகு வேண்டும். ஐரோப்பாவின் குளிர்ப் பிரதேசங்களில் உப்பு நீரை விறகிலும் நிலக்கரியிலும் காய்ச்சித்தான் உப்பு எடுத்து வந்தார்கள். இங்கே அந்த விறகுச் செலவு முழுவதும் மிச்சம்.

ஆனால் உப்பளத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே எதுவும் கொதிப்பதில்லை. பரந்த இடம், பல நாள் அவகாசம், கெட்டுப்போகாத சரக்கு ஆகிய மூன்றும் இருப்பதால் மிதமான சூடே அங்கே போதுமானதாகிறது. வெயிலுக்குப் பிடித்த வேலை இப்படிப்பட்டதுதான். 60, 70 டிகிரி வரை அது மலிவாக உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் கண்ணாடி, பளபளப்புத் தகடு, அடிக்கடி திருப்பும் வேலை என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

பழைய பரிசோதனைகளும் இதையே காட்டுகின்றன. ஸ்விட்சர்லாந்து அறிஞர் தெ சொசூர் 1767இல் கறுப்புப் பூசிய பெட்டிக்குமேல் கண்ணாடிகளை அடுக்கி வெயிலில் வைத்து, தண்ணீரின் கொதிநிலைக்கும் சற்று மேலே உஷ்ணம் ஏறுவதைக் கண்டார். பம்பாய் உயர்நீதிமன்றத்தில் துணைப் பதிவாளராக இருந்த வில்லியம் ஆடம்ஸ், விறகுத் தட்டுப்பாட்டுக்கு மாற்றுத் தேடி, எட்டுப் பட்டைக் கண்ணாடிகளால் வெயிலைக் குவித்துச் சமைத்தார். ஏழு சிப்பாய்களுக்கான இறைச்சியும் காய்கறியும் ஜனவரி மாதத்திலேயே இரண்டு மணி நேரத்தில் வெந்தன என்று 1878இல் எழுதினார். அதன் பிறகு 1950களில் புதுடில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் பளபளப்பான அலுமினியக் கிண்ண அடுப்பு ஒன்றைத் தயாரித்தது. தண்ணீர் கொதித்தது, சோறு வெந்தது. ஆனால் வீடுகளில் அது நிலைக்கவில்லை. காரணம் விஞ்ஞானத்தில் இல்லை, சமையலறை வழக்கத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் அடுப்பு எரிவது விடியற்காலையிலும் அந்தியிலும். வெயில் உச்சியில் நிற்கும்போது முற்றத்தில் நின்று கிண்ணத்தைச் சூரியன் பக்கம் திருப்பிக்கொண்டிருக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. 1980களில் அரசு மானியத்தோடு பரவிய பெட்டி அடுப்புகள் பலவும் பின்னாளில் பரணுக்குப் போனதற்குக் காரணம் இதுவே என்பது என் எண்ணம். முழுச் சமையலையும் வெயிலிடம் ஒப்படைக்கப் பார்த்தோம். அதில் பாதியைக் கேட்டிருந்தால் அது சந்தோஷமாகச் செய்திருக்கும்.

உலைத் தண்ணீர்

அந்தப் பாதி எது? 28 டிகிரி தண்ணீர் கொதிக்க லிட்டருக்கு 72 கிலோ கலோரி தேவை. வெயிலில் அதை 60 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டால் 32 கிலோ கலோரி வந்துவிட்டது. மீதி 40ஐ அடுப்பு கொடுத்தால் போதும். கொதி வரும் வரை ஆகும் எரிபொருளில் நூற்றுக்கு 44 பங்கு மிச்சம். சோறு, குடிநீர், மாட்டுக் கஞ்சி எல்லாம் சேர்த்து நாளுக்கு 20 லிட்டர் கொதிக்கவைக்கும் குடும்பத்துக்கு, காஸ் அடுப்பில் உஷ்ணம் வீணாவதையும் சேர்த்தால், மாதத்துக்குச் சுமார் மூன்று கிலோ காஸ் மிஞ்சும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று ஐந்து மாதத்துக்குள் இலவசமாகக் கிடைத்த மாதிரி. விறகு அடுப்பானால் மிச்சம் இன்னும் அதிகம். உடைமுள் வெட்டிச் சுமந்து வரும் நேரமும் புகையில் கண் எரிவதும் குறைவது இந்தக் கணக்கில் சேராதவை.

இதற்கு விலையுயர்ந்த சாதனம் தேவையில்லை. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் மரப்பெட்டி ஒன்று போதும். உள்ளே கறுப்புப் பூசிய தகடு. தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஏழெட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு உலர்ந்த உமி அல்லது தேங்காய் நார். மேலே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு இரட்டைக் கண்ணாடி. வெளிப்புறம் மட்டும் கறுப்படித்த மூடியுள்ள பாத்திரங்களில் தண்ணீர் ஊற்றிக் காலை ஒன்பது மணிக்கு உள்ளே வைத்தால், மூன்று மணிக்கு எடுக்கலாம். மாலைச் சமையலுக்கு அது நேராகப் போகும். மறுநாள் காலைக்கு வேண்டுமானால் வைக்கோல் திணித்த பெட்டியில் பாத்திரத்தைப் புதைத்து, மேலேயும் வைக்கோல் மூட்டையால் அமுக்கி வைக்க வேண்டும். சூடு குறையும், ஆனாலும் பச்சைத் தண்ணீரில் தொடங்குவதைவிட நல்லது. தினமும் தண்ணீரை மாற்றுங்கள். சமையலுக்கும் குடிக்கவும் அதைக் கட்டாயம் கொதிக்கவைத்தே உபயோகிக்க வேண்டும். வெதுவெதுப்பு கிருமிக்கும் பிடிக்கும்.

பதநீர் விஷயம் வேறு

இதைப் படித்ததும் உடன்குடிப் பக்கத்து வாசகர்களுக்குக் கருப்பட்டி நினைவுக்கு வரும். விடிலியில் பனைமட்டையும் முள்ளும் எரித்துப் பதநீர் காய்ச்சும் பெண்களின் பாடு நமக்குத் தெரியும். பதநீரையும் வெயிலில் முன்கூட்டிச் சூடாக்கினால் விறகு பாதியாகாதா?

ஆகாது. கணக்கைப் பாருங்கள். 100 லிட்டர் பதநீரில் ஏறத்தாழ 12 கிலோ கருப்பட்டி கிடைக்கும். மீதி 87, 88 லிட்டர் நீர் ஆவியாகப் போக வேண்டும். கொதிக்க வைக்க ஆவது 7,200 கிலோ கலோரி. கொதித்த பிறகு ஆவியாக்க ஒரு லிட்டருக்கு 540 வீதம் 47,000 கிலோ கலோரி. மொத்தம் 54,000க்கு மேல். இதில் வெயில் முன்கூட்டித் தருவது 3,200. நூற்றுக்கு ஆறு பங்கு மட்டுமே. அதற்காகப் பெட்டி செய்யப் புகுவது வீண் செலவு.

உப்பளம் போல அகன்ற பாத்தியில் ஊற்றி வற்றவிடலாமே என்றால், உப்பு நீர் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. பதநீரோ கலயத்தில் சுண்ணாம்பு தடவியும் அன்றே புளிக்கப் பார்க்கிறது. கெடும் சரக்கை மெதுவாக வற்றவிட முடியாது. ஆகையால் விடிலிக்கு வேண்டியது நல்ல அடுப்பு. தீ முழுவதும் பாத்திரத்தின் அடியைத் தழுவும்படி அடுப்புக் குழியைக் குறுக்கி, புகைபோக்கி வைத்துக் கட்டுவதில் மிச்சப்படும் விறகு, எந்தக் கண்ணாடிப் பெட்டியும் தரும் மிச்சத்தைவிட அதிகம்.

கருவாட்டுக்கு ஒரு கண்ணாடி வீடு

வெயில் மிக அருமையாகச் செய்யும் வேலை உலர்த்துவது. கடற்கரைக் குடும்பங்களுக்கு அதில் நேரடியான பணம் இருக்கிறது. தருவைக்குளம், திரேஸ்புரம், புன்னைக்காயல், மணப்பாடு போன்ற ஊர்களில் நெத்திலி, சாளை, காரல், வாளை முதலியவற்றைக் காயப்போடும் பெண்களுக்கு மணல், ஈ, காகம், நாய், இரவுப் பனி, திடீர் மழை ஆகியவற்றோடு தினம் போராட்டம். மணல் ஏறிய, புழு வைத்த சரக்கு மனிதர் சாப்பிடும் விலையிலிருந்து இறங்கிக் கோழித் தீவன விலைக்குப் போய்விடுகிறது. மீன் அதே மீன்தான். கடலில் பட்ட பாடும் அதேதான்.

இடையில் ஒரு வார்த்தை. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். குவித்த சிப்பிகளை வெயிலில் அழுகவிட்டு, ஈயும் புழுவும் சதையைத் தின்ற பிறகு கழுவி முத்தெடுப்பது அந்நாளைய வழக்கம். அங்கே ஈ கூலி கேட்காத வேலையாள். கருவாட்டுக் களத்திலோ அதே ஈ திருடன்.

உலர்த்துவதில் உஷ்ணத்தைவிட முக்கியம் காற்றின் தாகம். கடற்கரைக் காற்று 30 டிகிரியில் நூற்றுக்கு 75 பங்கு ஈரத்தைக் குடித்துவிட்டே வருகிறது. இன்னும் குடிக்க அதற்கு அதிக இடமில்லை. அதே காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 33 ஆக இறங்கிவிடுகிறது. தாகம் எடுத்த காற்று மீனின் ஈரத்தை வேகமாக இழுக்கும். கண்ணாடி உலர்த்தி செய்யும் வேலை இது ஒன்றே. ஈயும் அந்த உஷ்ணத்தில் தங்காது. இட்ட முட்டையும் புழுவும் பிழைப்பது கடினம். பங்களாதேஷில் 1977இல் டோ என்பவரும் அவரது சகாக்களும் மூங்கில் சட்டத்தின்மேல் ஒரு பக்கம் கறுப்பு பாலித்தீன், மறுபக்கம் தெளிவான பாலித்தீன் போர்த்திய கூடாரத்தை இதற்காகவே பரிசோதித்து வெளியிட்டார்கள். ஈக்குப் பயந்து கருவாட்டில் பூச்சிமருந்து தெளிக்கும் கொடுமை அந்த நாட்டில் பின்னாளிலும் தொடர்ந்ததைப் பார்க்கும்போது, அந்தக் கூடாரத்தின் அருமை விளங்கும். மலிவான அந்தப் பாலித்தீன் நமது ஆடிக் காற்றில் கிழியும். வெயிலில் ஒரு பருவத்துக்குள் நொறுங்கும். இருந்தாலும் முதலில் பழகிப்பார்க்க அது போதும்.

நிலையாகச் செய்துகொள்ள விரும்புவோர் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் கால் வைத்த பெட்டி அமைக்கலாம். அடியில் கறுப்புத் தகடு, அதற்கு ஒரு சாண் மேலே நைலான் வலைத் தட்டு, மேலே சரிவான கண்ணாடி. முன்பக்கம் தாழ்வாகக் காற்று நுழைய நீளத் துவாரம், பின்பக்கம் உயரத்தில் வெளியேறத் துவாரம், இரண்டுக்கும் கொசுவலை. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். சூடு வெளியே போகிறதே என்று மேல் துவாரத்தை அடைத்துவிட்டால் உலர்த்தி புழுங்கல் பெட்டியாகிவிடும். மீன் வேகும், காயாது. கண்ணாடியின் உட்புறம் வியர்த்து நீர் முத்துக் கட்டினால் துவாரம் போதவில்லை என்று அர்த்தம். மாறாக உள்ளே தெர்மாமீட்டர் 50ஐத் தாண்டினாலும் துவாரத்தைப் பெரிதாக்குங்கள். அதிகச் சூட்டில் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் அடைபட்டு, பார்வைக்குக் காய்ந்த கருவாடு பத்து நாளில் நாற்றமெடுக்கும்.

கழுவிய மீனை நேராக உலர்த்தியில் இடுவதைவிட, முதல் நான்கைந்து மணி நேரம் இடுப்பளவு உயரப் பரணில், வலை விரித்து வலையால் மூடி, கடல் காற்றில் விடுவது நல்லது. மேல் ஈரம் போகக் காற்றோட்டமே போதும். மீனுக்குள்ளிருந்து ஈரம் வரத் தொடங்கும்போதுதான் சூடு தேவைப்படும். இப்படிச் செய்தால் ஒரே உலர்த்தியில் கூடுதல் மீன் காயும்.

எப்போது எடுப்பது என்பதற்குக் கை நிதானத்தைவிடத் தராசு நம்பகமானது. உப்பிடாத நெத்திலி 10 கிலோ போட்டால் அதில் ஏறத்தாழ ஏழரை கிலோ தண்ணீர். ஈரம் நூற்றுக்கு 15 ஆகும்போது எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். மூன்றரை கிலோவில் எடுத்துவிட்டால் பூசணம் பிடிக்கும். இரண்டரையை நெருங்கவிட்டால் நொறுங்கும், எடையும் நஷ்டம். மேற்சொன்ன அளவுப் பெட்டியில் 10 கிலோவுக்கு நல்ல வெயில் இரண்டு நாள் வேண்டும் என்பது என் கணக்கு. உப்பிட்ட மீனுக்கு இந்த எடைக் கணக்குப் பொருந்தாது.

இரவில் துவாரங்களை மூடிவிட வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75ஐத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். அம்பாரத்து உப்பு இரவில் கசிவதும், உப்புக் கருவாடு விடிவதற்குள் பிசுபிசுப்பதும் ஒரே காரணத்தால்தான். பகலெல்லாம் காயவைத்து இரவில் திறந்து போடுவது ஓட்டை வாளியில் நீர் இறைப்பதாகும்.

கூட்டாகப் பெரிய அளவில் செய்ய நினைப்பவர்கள் 1977இல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் ஆலோசனை கேட்கலாம். மூட்டமான நாளில் காஸ், விறகு அல்லது மின்சாரத்தால் துணைச் சூடு தரும் உலர்த்திகளைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் உருவாக்கியிருக்கிறது.

மீன் இல்லாத வீட்டிலும் இந்தப் பெட்டி சும்மா இருக்காது. விளாத்திகுளத்து மிளகாயை மண் படாமல் காயவைக்கலாம். ஆத்தூர், ஏரல் வாழைப்பழத்தை நீளவாக்கில் பிளந்து உலர்த்தலாம். மீன் போடும் தட்டு மீனுக்கே இருக்கட்டும். மற்றவற்றுக்குத் தனித் தட்டு வையுங்கள். முருங்கை இலையையும் சென்னா என்னும் நிலாவாரையையும் மட்டும் நேர் வெயிலில் காட்டக் கூடாது; நிறம் வெளுத்து விலை போய்விடும். அவற்றுக்குக் கண்ணாடியின்மேல் கறுப்புத் துணி விரித்து, சூட்டை மட்டும் உள்ளே விட வேண்டும்.

கரையோரத்துக்கென்று சில எச்சரிக்கைகள்

வடநாட்டுப் புத்தகங்களைப் பார்த்துக் கண்ணாடியை 30 டிகிரி சாய்த்து வைப்பவர்கள் உண்டு. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஒன்பது டிகிரிக்குள். சித்திரை முதல் நாளை ஒட்டி உச்சிப் பொழுதில் சூரியன் தூத்துக்குடிக்கு நேர் தலைக்கு மேலே நிற்கிறது. அதன் பிறகு ஆவணி நடுப்பகுதி வரை வடக்கே சாய்ந்திருக்கிறது. அந்த மாதங்களில் தெற்கே அதிகம் சாய்த்த கண்ணாடிக்கு வெயில் குறையும். மழைநீர் வழிய ஒரு பத்து டிகிரி தென்சாய்வு போதுமானது. மார்கழி, தை மாதங்களில் வெந்நீர் முக்கியம் என்பவர் மட்டும் 20 டிகிரி வரை சாய்க்கலாம்.

வெந்நீர் சாதனம் வாங்குவோர் முதலில் தண்ணீரைப் பாருங்கள். ஆழ்குழாய்க் கிணற்று உவர் நீரைச் சூடாக்கினால் குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். உப்பு எவர்சில்வர் தொட்டியையும் பொத்தல் போட்டுவிடும். தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டில் கவலை குறைவு. உவர் நீர்தான் கதி என்றால், தகட்டுக்குள் நல்ல நீர் தனியே சுற்றி, உபயோகிக்கும் நீருக்குச் சூட்டை மட்டும் கைமாற்றும் அமைப்பைக் கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடிக் குழாய்ச் சாதனம் வெறுமனே வெயிலில் காய்ந்திருக்கும்போது குளிர்ந்த நீரை விட்டால் குழாய் வெடிக்கும். காலையில் வெயில் ஏறுமுன் நிரப்புவதே பத்திரம்.

உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. அளக்காரர்கள் இதை ரசிப்பார்கள். குளத்தின் அடியில் கனத்த உப்பு நீரும் மேலே நல்ல நீரும் கலக்காமல் நின்றால், அடிநீர் சூடேறினாலும் கனத்தால் மேலெழ முடியாமல் உஷ்ணத்தை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். குஜராத்தில் புஜ் நகரில் 6,000 சதுர மீட்டரில் இப்படி ஒரு சூரியக் குளம் வெட்டி, 1990களில் சில ஆண்டுகள் பால் பண்ணைக்கு வெந்நீர் எடுத்தார்கள். தனி வீட்டுக்கு இது ஏற்றதல்ல. காற்று கலக்காமல் அடுக்கைக் காப்பதே முழு நேர வேலை. உப்பும் இடமும் மலிந்த நமது ஊரில் ஒரு கூட்டுறவு அமைப்பு யோசித்துப் பார்க்கத் தகுந்தது.

உலர்த்திக்கும் பெட்டிக்கும் இரும்பு ஆணியைத் தவிருங்கள். கடல் காற்றில் இரண்டு வருஷம் தாங்காது. பித்தளை அல்லது எவர்சில்வர் திருகாணி, பனை வரிச்சு, நைலான் கயிறு ஆகியவை நீடிக்கும். கண்ணாடிமேல் தினமும் மெல்லிய உப்புப் படலம் படியும். காலையில் கண்ணாடி குளிர்ந்திருக்கும்போதே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். உவர் நீரால் துடைப்பதும் துடைக்காமல் விடுவதும் ஒன்றுதான். ஆனி, ஆடிக் காற்றுக்கு நாலு காலையும் தரையில் கட்டிவையுங்கள். ஐப்பசி பிறந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் காகிதம் சுற்றி உள்ளே நிறுத்திவிட்டு, நனைந்த உமியையும் நாரையும் கொட்டிவிட வேண்டும். தை மாதம் பெட்டியை மறுபடி வெளியே எடுக்கும்போது புதிய உமி போட்டுக்கொள்ளலாம்.